சூட்டுப் பக்கமும் ஒரு முயலும்

சோன்ரேவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பதினேழு வயதில் பஸ் கண்டக்டராக ஏறியவள். அந்தக் காலத்தில் ஜெச்சோன் வட்டார மலைப்பாதைகளில் ஓடிய பஸ்களில் பெண்பிள்ளைகள்தான் படியில் தொங்கிக்கொண்டு காசு வாங்குவார்கள். ஏறிய கூட்டத்தை முதுகால் உள்ளே நெட்டித் தள்ளி, வண்டித் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்று கத்தினால்தான் டிரைவர் கியர் போடுவார். ஏழு வருடம் அப்படி நின்றே போனது. தானாகத் திறக்கும் கதவு வந்து அந்த வேலையை விழுங்கியபின், சிமென்ட் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருடம் அடுப்பு முன்னால் நின்றாள். அதே ஆலையில் இருந்த கணவர் ஓய்வு பெற்ற மறு வருடமே மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார். மூன்று மாதம் வீட்டில் இருந்து பார்த்தாள். ஜன்னலைத் துடைத்தாள், துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள். நான்காம் மாதம் முதியோர் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். வகுப்பில் மற்றவர்கள் உட்கார்ந்து குறிப்பெடுக்க, இவள் பின்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடியே படித்துத் தேறினாள்.

இந்த ஜனவரியில் அவளுக்கு அறுபத்தைந்து. திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே வீடு. மத்தியானம் போய்க்கொண்டிருந்த வீட்டுப் பெரியவர் டிசம்பரில் இறந்துவிட்டதால் பிற்பகல் காலியாகக் கிடந்தது. காலிப் பிற்பகல் அவளுக்கு ஆகாது. பஸ்ஸில் ஏறுவாள், இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வந்த வழியே நடந்து போவாள்.

காலை வீடு ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் ஜேகுன், எழுபத்தொன்பது வயது, ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். அவர் மனைவி ஒக்பூனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ஏற்றி இறக்கும் வாடகைக் கட்டிலில் படுத்திருப்பாள். கேட்டால் "ம்" என்பாள்; கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஒக்பூனிடம் சோன்ரேவுக்கு இருந்த பெரிய தொல்லை அந்த வலது கை. முஷ்டியாக மூடிக்கொண்டது. விரலைப் பிரித்து உள்ளங்கையைக் கழுவ வேண்டுமென்றால் தினமும் ஒரு மல்யுத்தம். பிரிக்காமல் விட்டால் நகம் உள்ளங்கையில் இறங்கிப் புண்ணாகும், பிறகு நரம்பு சுருங்கி நிரந்தரமாக மூடிக்கொள்ளும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அந்தக் கையைத் திறந்து வைத்தது ஒரு முயல்.

முயல், மகள் ஹேரானுடையது. ஹேரான் சூவோனில் இருக்கிறாள். போன வசந்தத்தில் அவள் குடிபோன புது வீட்டில் மிருகம் கூடாது என்று சொல்லிவிட்டதால், "ரெண்டே மாசம்" என்று கூண்டோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வெள்ளை உடம்பில் அங்கங்கே கறுப்புப் புள்ளி. கருமொச்சை போட்டு அவித்த அரிசிக் கொழுக்கட்டை மாதிரி இருந்ததால் கோங்தொக் என்று அந்தக் கொழுக்கட்டையின் பெயரே அதற்கும். ஜேகுன் முதல் வாரம் முழுக்க, "மிளகாய் தூக்கலாப் போட்டு ஒரு குழம்பு வெச்சா மூணு பேருக்கு வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சோன்ரே துணி மடிக்க இடம் வேண்டி முயலைத் தூக்கி ஒக்பூன் மடியில் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அந்த முஷ்டி பூட்டுக் கழன்ற மாதிரி மெல்ல விரிந்து முயல் முதுகில் கிடந்தது. அன்றிலிருந்து தினம் அரை மணி நேரம் மடியில் முயல். கை தானாக விரியும், சோன்ரே வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுவாள். குழம்புப் பேச்சு நின்றுபோனது.

முதல் உறைபனி விழுந்த அன்று பால்கனி ஓட்டுத் தரையில் இருந்த கூண்டை உள்ளே கொண்டுவந்தவள் சோன்ரேதான். படுக்கையறையில் சமையலறைச் சுவரோரம் வைத்தாள். பாய்லரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய் தரைக்கடியில் முதலில் நுழையும் இடம் அது. வீட்டிலேயே அதுதான் சூட்டுப் பக்கம். ஜேகுன் தன் மெத்தையை விரித்துப் படுப்பதும் அங்கேதான். மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக.

"பாவம், உள்ளங்கால் சில்லுனு இருக்கு" என்று சொல்லிக் கூண்டின் மேல் ஒரு பழைய போர்வையையும் மூடிவிட்டாள்.

பயிற்சி பெற்றவள், வெப்பமானி பார்க்கத் தெரிந்தவள், அப்படிச் செய்தாள். இதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

முயல் கூண்டைவிட்டு வெளியே வந்தபோதெல்லாம் வாசலில் செருப்புக் கழற்றும் பள்ளத்துக்குப் போய், ஓட்டுத் தரையில் ஜோடுகளுக்கு நடுவே வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டது. சோன்ரே அதைத் தூக்கி, கால் நான்கையும் துடைத்து, "அழுக்குப் பிடிச்ச கழுதை, போற இடத்தைப் பாரு" என்று திட்டி மறுபடி சூட்டுப் பக்கத்தில் விட்டாள். ஒருமுறை அல்ல, பத்துப் பன்னிரண்டு முறை.

ஜனவரி நடுவில் பெருங்குளிர் இறங்கியது. ஜன்னல் கண்ணாடியின் உட்புறமே பனி கட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை சோன்ரே உள்ளே வந்து, சுவரில் ஒட்டியிருந்த வருகைச் சில்லில் கைபேசியைத் தட்டி நேரத்தைப் பதிந்து, கூண்டைப் பார்த்தாள். வைக்கோல் வைத்தபடியே இருந்தது. புழுக்கை மிளகு அளவுக்குச் சிறுத்திருந்தது. முயல் மூலையில் உருண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது.

"குளிர் புடிச்சிருக்கு" என்றார் ஜேகுன். எழுந்து போய் பாய்லர் பொத்தானை இரண்டு தட்டு ஏற்றினார்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் சோன்ரே. இன்னொரு போர்வை மூடினாள். அன்று முயலை மடியில் வைக்கவில்லை. நோய்ப்பட்டதை ஒக்பூனிடம் கொடுக்க மனமில்லை.

புதன்கிழமை காலை கூண்டுக்குள் முயல் காலை நீட்டிப் பக்கவாட்டில் கிடந்தது. தாடை நனைந்திருந்தது. விலா தையல் மிஷின் ஊசி மாதிரி படபடத்தது. சோன்ரே காதைத் தொட்டாள். காய்ச்சல்காரரின் நெற்றி போலக் கொதித்தது. பன்னிரண்டு எப்போது அடிக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒக்பூனுக்குக் கஞ்சி ஊட்டினாள், திருப்பிப் படுக்க வைத்தாள், சட்டை மாற்றினாள். பன்னிரண்டுக்குக் கைபேசியைத் தட்டிவிட்டு, முயலை அட்டைப்பெட்டியில் போட்டு டாக்ஸியில் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள்.

மருத்துவர் இளம்பெண். காதை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"சூட்டுப் பக்கத்துல. நல்லா மூடித்தான் வெச்சேன்."

"மூடி வேற வெச்சீங்களா?"

"ரெண்டு போர்வை."

மருத்துவர் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க ஒரு கம்பளிக் கோட்டைப் போட்டுக்கங்க, பட்டனைப் பூட்டிக்கங்க, அப்படியே தோசைக்கல்லு மேல போய் உக்காருங்க. இதுக்கு வேர்க்காது. சூட்டை வெளிய விடறதுக்கு இந்தக் காது ரெண்டுதான். பதினாறுலருந்து இருபத்திரெண்டு டிகிரி, அதுக்குள்ள வெச்சா ராஜா மாதிரி இருக்கும். குளிர் தாங்கும், சூடு தாங்காது. சூட்டுல குடல் நின்னுருச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்கிட்ட கொண்டுவந்திருக்க வேண்டாம்."

சோன்ரேவுக்குச் செருப்புப் பள்ளம் நினைவுக்கு வந்தது. அந்தப் பிராணி தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போய்க் காட்டிக்கொண்டிருந்தது. பத்துத் தடவை காட்டியும் காலைத் துடைத்துத் துடைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"பொழைக்குமா?"

"இதைச் சிரிஞ்சுல குடுங்க. குளிர்ந்த இடமா வைங்க. ரெண்டு மூணு நாள்ல தானா வைக்கோல் மெல்லணும், புழுக்கை கருமொச்சை அளவுக்கு வரணும். எண்ணிப் பாருங்க. வரலைன்னா தூக்கிட்டு வாங்க."

டாக்ஸியில் திரும்பும்போதே ஹேரானுக்குப் போன் செய்தாள். மறைத்துப் பழக்கமில்லை.

"டீச்சர், உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்றாள் ஹேரான். பராமரிப்புக்கு வருகிறவர்களை அங்கே எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். "அப்பாவுக்கு அதைப் பாத்துக்க முடியாது. நீங்க இருக்கறது மூணு மணி நேரம். மிச்ச நேரம் யாரு? சோனான் ஊர்ல ஒருத்தர் வளர்த்துக்கறேன்னு கேட்டிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடறேன்."

"உங்க அம்மா கை?"

"செத்துப் போச்சுன்னா அம்மா அதைப் பாக்கணுமா, டீச்சர்? அதைவிட இது மேல்."

வாதம் சரியாகத்தான் இருந்தது. "ஞாயித்துக்கிழமை காலையில அது தானா சாப்பிட்டுச்சுன்னா?" என்று கேட்டாள் சோன்ரே.

"சாப்பிட்டா அப்ப பாக்கலாம்" என்றாள் ஹேரான். வண்டி திருப்பத்தில் திரும்பியது. வியாழன், வெள்ளி, சனி. ஒன்பது மணி நேரம்தான் அவள் கையில்.

வீட்டுக்குத் திரும்பியதும் கூண்டை அறையின் மறுகோடிக்கு, ஜன்னலடிக்கு மாற்றினாள். குழாய்ச் சூடு அங்கே போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். போர்வைகளை எடுத்துத் துவைக்கப் போட்டாள். அன்றும் வியாழக்கிழமையும் சிரிஞ்சில் மருந்தும் கரைசலும் கொடுத்தாள். ஜேகுனிடம் மருத்துவர் சொன்னதை வரி விடாமல் சொன்னாள்.

"சரி, சரி" என்றார் அவர். "டீச்சர் சொன்னா கேக்க வேண்டியதுதானே."

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் கூண்டு ஜன்னலடியில் இருந்தது. முயலும் கூண்டில் இருந்தது. காது மட்டும் மறுபடி கொதித்தது. புழுக்கை மிளகு அளவிலேயே நின்றது. சோன்ரே அறையைச் சுற்றி வந்தாள். ஜேகுனின் மெத்தையைச் சுருட்டத் தூக்கியபோது, அவர் போர்வைக்குள்ளிருந்து வைக்கோல் உதிர்ந்தது.

"ஐயா, இது என்ன? நீங்க வைக்கோல் திங்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

ஜேகுன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார்.

"நான் போனதும் தூக்கிக்கிட்டு வந்து போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டீங்க. நான் வர்றதுக்குள்ள திருப்பிக் கொண்டுபோய் வெச்சுட்டீங்க."

"நான் எங்க அப்பா வீட்டுல வளர்ந்தவன் இல்ல" என்றார் அவர் திடீரென்று. "பெரியப்பா வீட்டுல வளர்ந்தவன். அவர் பிள்ளைங்க எல்லாம் சூட்டுப் பக்கம். எனக்கு ஜன்னலடி. வேலைக்காரனுக்கும் திருடிட்டு மாட்டினவனுக்கும் குடுக்கற இடம் அது. வெளிய போன பிள்ளைக்குச் சோத்துக் கிண்ணத்தைச் சூட்டுப் பக்கத்துல போர்வைக்கடியில மூடி வெப்பாங்க, தெரியுமில்ல? எனக்கு யாரும் வெச்சதில்ல. நீங்க அந்த ஜீவனைக் கொண்டுபோய் ஜன்னலடியில தள்ளிட்டு, நான் இங்க காலை நீட்டிக்கிட்டு அதைப் பாத்துக்கிட்டே படுக்கணுமா?"

"முயலுக்கு உங்க பெரியப்பாவைத் தெரியாது" என்றாள் சோன்ரே. "உங்க அன்பு அதைக் கொல்லும். ஞாயித்துக்கிழமை ஹேரான் கூண்டோட வர்றா, நினைப்பிருக்கட்டும்."

"டீச்சர், உங்க வேலை எங்க ஆளைப் பாத்துக்கறது. முயலைப் பாத்துக்கறது எந்தப் பாடத்துல இருக்கு?"

"எந்தப் பாடத்துலயும் இல்ல. இங்க வாங்க."

கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கட்டிலருகே கூட்டிவந்தாள். "அக்கா, கொஞ்சம் வலிக்கும்" என்று ஒக்பூனிடம் சொல்லிவிட்டு முஷ்டியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். மூன்று நாளாக மடியில் முயல் இல்லை. உள்ளங்கையில் நான்கு நகமும் பதிந்த தடம், பிறை பிறையாகச் சிவந்து, ஒன்றில் தோல் கிழிந்திருந்தது. ஒக்பூன் "ம்" என்றாள். யாரும் கேட்காமலே.

ஜேகுன் பார்த்தார். பிறகு தொலைக்காட்சியை அணைத்தார்.

பன்னிரண்டுக்கு சோன்ரே கைபேசியைத் தட்டிவிட்டு இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸை விட்டாள். அடுத்ததில் ஏறி சந்தைக்குப் போனாள். முள்ளங்கி வாங்கப் போனவள் முள்ளங்கிக் கடையைத் தாண்டி நடந்தாள். பாத்திரக் கடையில் சுவரில் மாட்டுகிற வெப்பமானி இரண்டு வாங்கினாள். ஜேகுன் அந்தக் கையைப் பார்த்துவிட்டார், புரிந்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. எழுபத்தொன்பது வருடப் பழக்கம் ஒரு காலையில் போகாது என்று இன்னொன்று சொன்னது. தேநீர்க் கடையில் பார்லி நீர் வாங்கி நின்றபடியே பாதி குடித்துவிட்டு, மீதியை வைத்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினாள். நேரம் மூன்று.

கதவின் எண்ணை அழுத்தி உள்ளே போனபோது ஜேகுன் சூட்டுப் பக்கத்தில் தன் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். முயல் ஜன்னலடியில்தான் இருந்தது. ஆனால் அவர் முகம் முழுக்க வேர்வை. பாய்லர் பொத்தான் முப்பதில் நின்றது.

"ஏன் ஏத்தி வெச்சீங்க?"

"ஜன்னலடிக்கும் கொஞ்சம் போய்ச் சேரட்டும்னு."

சோன்ரே கோபப்படவில்லை, கோபப்பட நேரமில்லை. ஒரு வெப்பமானியைத் தரையில், அவர் மெத்தைக்கடியில் வைத்தாள். இன்னொன்றை ஒக்பூன் கட்டிலில், போர்வைமேல் வைத்தாள். சமையலறைக்கும் அறைக்கும் நடந்து பத்து நிமிடம் கழித்து வந்து இரண்டையும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"படிங்க."

"இது நாப்பத்தொண்ணு. இது இருபத்திநாலு."

"நாப்பத்தொண்ணு தரை. இருபத்திநாலு அக்கா படுக்கை. கட்டில் உயரத்துல இருக்கு ஐயா. முப்பது வெச்சாலும் அவங்களுக்கு வர்றது அவ்வளவுதான். முயலுக்குக் குழாய்ச் சூடு விஷம். அக்காவுக்கு அது எட்டவே இல்ல. பின்ன யாருக்கு இந்தத் தரை?"

ஜேகுன் இரண்டு வெப்பமானிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எனக்குத்தான்" என்றார். "என் இடுப்புக்கு. தண்டவாளத்துல முப்பத்தாறு வருஷம் குனிஞ்ச இடுப்பு. கல்லு மாதிரி ஆயிடும் இல்லேன்னா." பிறகு, "இவளுக்காகத்தான் ஏத்தறேன்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

வழி அங்கேதான் இருந்தது. சோன்ரே சமையலறைத் தொட்டிக்குக் கீழே கதவைத் திறந்து, மண்டி போட்டுத் தலையை உள்ளே விட்டாள். பாய்லரிலிருந்து வரும் குழாய் அங்கே நான்காகப் பிரிந்தது. நான்குக்கும் நான்கு திருகு. எது எந்த அறைக்கு என்று ஒரு சீட்டும் இல்லை.

"கட்டினவன் எழுதி வெக்கல" என்றார் ஜேகுன் பின்னாலிருந்து.

"எழுதி வெச்சா என்ன, விரல் தேஞ்சுடுமா?" என்று தொட்டிக்குள்ளிருந்தே சொன்னாள்.

ஒன்றை மூடிவிட்டுக் காலுறையைக் கழற்றினாள். வெறுங்காலோடு வீடு முழுக்க நடந்தாள். கூடம், சின்ன அறை, படுக்கையறை, மறுபடி கூடம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஆறியது கூடத்து மூலை. அதைத் திறந்து அடுத்ததை மூடினாள். ஆறியது சின்ன அறை. "எங்க வீட்டுல ஆவி உலாவுது போல இருக்கு" என்றார் ஜேகுன். மூன்றாவதை மூடியபின் படுக்கையறைத் தரை மெல்ல மெல்ல அவள் உள்ளங்காலில் ஆறியது. ஒரு துண்டு நூலெடுத்து அந்தத் திருகில் கட்டினாள்.

"இதைக் காலே காலு திருகு திறந்து வைக்கறேன். முழுக்க மூடினா இந்தக் குளிர்ல குழாய் உறைஞ்சுடும். அறை இருபதுல நிக்கும். முயலுக்குப் போதும். அக்காவுக்கு ஹேரான் வாங்கிக் குடுத்தாளே, வெந்நீர் ஓடற விரிப்பு, அலமாரி மேல ரெண்டு வருஷமா பெட்டியோட தூங்குதே, அதை எடுங்க."

"தண்ணிப் பையில படுக்க வைக்கறதா?"

"நீங்க படுக்க வேண்டாம். அக்காவுக்கு. முப்பத்திநாலு டிகிரிக்கு மேல ஏத்தக் கூடாது, வலப்பக்கம் அவங்களுக்குச் சுட்டாலும் தெரியாது. நான் வந்ததும் தோலைப் பாக்கறேன். நீங்க ராத்திரி ஒருதரம் பாருங்க."

"அப்ப நான்?"

"நீங்க கூடத்துல படுங்க. அங்க தரை சுடும்."

ஜேகுன் அறை வாசலில் நின்று மனைவியின் கட்டிலையும் கூடத்தையும் பார்த்தார். ஐம்பத்துமூன்று வருடம் ஒரே அறை. ஆஸ்பத்திரியில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோதுகூட அவர் கட்டிலுக்கடியில்தான் படுத்திருந்தார். நர்ஸ் இரண்டு தடவை துரத்தியும் போகவில்லை. சோன்ரேவுக்கு அது தெரியும். தெரிந்தும் வேறு வழி சொல்ல அவளிடம் இல்லை.

சனிக்கிழமை விரிப்பைப் போட்டு, ஒக்பூனைப் படுக்க வைத்து, முதுகில் கைவிட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. அறையில் வெப்பமானி இருபதைக் காட்டியது. கூண்டைக் கட்டில் காலடிக்கு நகர்த்தினாள். இனி அந்த அறைக்குச் சூட்டுப் பக்கமும் இல்லை, ஜன்னலடியும் இல்லை, எல்லாம் ஒரே பக்கம்தான். முயல் மருந்தைக் குடித்தது, வைக்கோலை முகர்ந்தது, ஒரு தண்டை வாயில் வைத்துக் கீழே போட்டது. ஜேகுன் முந்தின நாள் எங்கே படுத்தார் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகம் தூங்காத முகமாக இருந்தது, மெத்தை சுருட்டியபடி சுவரோரம் கிடந்தது.

பன்னிரண்டுக்குக் கிளம்பும்போது, "நூல் கட்டின திருகு எதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள். "திறந்துக்கணும்னா திறந்துக்கலாம். நான் பூட்டிட்டுப் போக முடியாது."

"போங்க டீச்சர்" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. எட்டு மணிக்கே வீட்டைப் பெருக்கி, துணி காயப்போட்டு, குளிர்பெட்டியை ஒழித்து, மறுபடி அடுக்கி முடித்துவிட்டாள். ஒரு டப்பா முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை எடுத்துக்கொண்டாள். கிம்ச்சி கொடுக்கப் போவதற்கு யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி, ஜேகுன் திருகைத் திறந்திருப்பார், திறந்திருக்க மாட்டார் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் மாற்றிக்கொண்டு வந்தாள்.

செருப்புப் பள்ளத்தில் முயல் இல்லை. அதுவே முதல் நல்ல செய்தி.

கூடத்தில் ஜேகுனின் மெத்தை விரித்திருந்தது. அதில் அவருடைய மார்பும் இடுப்பும் காலும் மட்டும் இருந்தன. கழுத்துக்கு மேல் வாசல்படியைத் தாண்டி அறைக்குள் கிடந்தது. உடம்பு சுடுகிற தரையில், தலை ஆறின தரையில், கழுத்து மரப்படியின் மேல். தலைக்கு நேர்மேலே ஒக்பூனின் கட்டில். தலைக்குப் பக்கத்தில், காதுக்கு ஒரு சாண் தள்ளி, முயல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்றார் ஜேகுன் மல்லாந்தபடியே. "நாலு மணிக்கு ஆரம்பிச்சுது. காதுக்குள்ள கறுக் கறுக்குன்னு. தூங்கவே விடல."

"புழுக்கை?"

அவர் கையை நீட்டிக் கட்டிலடியிலிருந்து ஒரு கிம்ச்சி டப்பா மூடியை இழுத்தார். அதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "எண்ணச் சொன்னாளாமே அந்த டாக்டர். நாப்பத்தேழு. பாருங்க, மொச்சை அளவு."

சோன்ரே குனிந்து பார்த்தாள். மொச்சை அளவுதான். மூடியைக் கழுவித் தனியாக வைக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள். போர்வைக்குள் கைவிட்டு ஒக்பூனின் இடுப்பையும் முதுகையும் பார்த்தாள்; சிவப்பு இல்லை. "அக்கா, இன்னிக்கு உங்க ஆள் வந்துட்டாரு" என்று முயலைத் தூக்கி மடியில் வைத்தாள். முஷ்டி உடனே விரியவில்லை. ஐந்து நாள் ஆகிவிட்டதே. சோன்ரே காத்திருக்க முடியாமல் ஜன்னலைத் துடைக்கப் போனாள். துடைத்துத் திரும்பியபோது சுண்டுவிரலும் மோதிரவிரலும் ரோமத்துக்குள் போயிருந்தன. மற்ற இரண்டும் பின்னாலேயே வந்தன.

பதினோரு மணிக்கு ஹேரான் காலிக் கூண்டோடு வந்தாள். கூடத்தில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா! வாசல்படியில தலை வெக்கறீங்க? சின்ன வயசுல நான் ஒரு கால் வெச்சதுக்கே பிரம்பெடுத்தீங்களே, தரித்திரம் வரும்னு!"

"வந்தா வரட்டும். கதவைச் சாத்து, குளிர் வருது."

"எழுந்திரிங்க, நான் உள்ள போகணும்."

"தாண்டிப் போ."

ஹேரான் கூண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவைத் தாண்டினாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள். விரிந்த கையை, அதில் ஆறத் தொடங்கியிருந்த நகத் தடங்களை, அதன்கீழ் ஏறி இறங்கும் வெள்ளை முதுகைப் பார்த்தாள். ஒக்பூன் மகளைப் பார்த்து "ம்" என்றாள். உடனே முயலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"சோனான்காரங்ககிட்ட நான் என்ன சொல்றது?" என்றாள் ஹேரான், யாரிடம் என்றில்லாமல்.

"இதுக்கு வீடு இருக்குன்னு சொல்லு" என்றார் தரையிலிருந்து ஜேகுன்.

"நீங்க எத்தனை நாள் இப்படிப் படுப்பீங்க?"

"மார்ச் வரைக்கும்."

ஹேரான் கூண்டைக் கீழே வைத்தாள். "டீச்சர், உக்காருங்க, பேரிக்காய் வெட்டறேன்" என்றாள். சோன்ரே வேண்டாம் என்று கையாட்டிவிட்டுத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டாள். நூல் கட்டிய திருகு அவள் வைத்த இடத்திலேயே கால் திருகில் நின்றது. குழாயைத் தொட்டாள். கூடத்துக் குழாய் கொதித்தது. அறைக் குழாய் கைக்கு வெதுவெதுத்தது. பிப்ரவரி முழுக்க இன்னும் பாக்கி. குளிர் குறையும்போது பாய்லரையும் குறைக்க வேண்டும், கூடத்துச் சூடு கதவு வழியாக அறைக்குள் கசியும், ஹேரானிடம் சொல்லி ஒரு திரை தைக்கச் சொல்ல வேண்டும்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார் ஜேகுன். "எல்லாம் பண்ணீங்க. இந்தப் படி கழுத்தை அறுக்குது."

சோன்ரே அவர் கழுத்துக்கும் மரப்படிக்கும் நடுவே கையைச் செருகி உயரம் பார்த்தாள். அலமாரியிலிருந்து இரண்டு துவாலை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிச் சுருட்டி, நூலால் கட்டி, படியின் இருபுறமும் அணைவாக வைத்தாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார். நகர்த்தினாள்.

"இப்ப?"

"ம்" என்றார், மனைவியின் குரலிலேயே.

சோன்ரே நிலைக்கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். "ரைட்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். முயல் ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலை மெல்லத் தொடங்கியது.